நந்தி மலைக்கு நான்கு அங்குலம் கூடுதலாக

நந்தி மலைக்கு எல்லோரும் சூரியோதயம் பார்க்கப் போகிறார்கள். நான் என் சகலையைத் தோற்கடிக்கப் போனேன். 2006 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஈஜிபுராவில் என் வீட்டு வாசலிலிருந்து மலையுச்சி வரை 68 கிலோமீட்டர். மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதில் கடைசி எட்டு கிலோமீட்டருக்கு மட்டும் ஒரு மணி நாற்பது நிமிடம். மூன்று சக்கர வண்டியில் மலையேற நினைப்பவர்களுக்கும், அதற்காக டயர் மாற்ற நினைப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு உதவக்கூடும்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரு பழைய ஆட்டோ. வாடகை பெர்மிட்டை ஒப்படைத்து, மஞ்சள் பலகையைக் கழற்றி வெள்ளைப் பலகை வாங்க ஐந்து மாதம் அலைந்தேன். பிறகு கூரைக்குக் கீழே இரும்புக் குழாய்க் கூடு, கார் சீட், சீட் பெல்ட். சக்கரங்களுக்கு எங்கள் வீட்டு கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட். இப்போது அது விளையாட்டு வண்டி. பெங்களூரில் எனக்குத் தெரிந்து இந்த வியாதி ஆறு பேருக்கு இருந்தது. என்னிடமிருந்து தொற்றிக்கொண்டவர் ரவி, என் மனைவி வசந்தியின் தங்கையைக் கட்டியவர். எனக்கு நான்கு மாதம் கழித்து ஆட்டோ வாங்கி, எனக்கு முன்பே வேலையை முடித்துவிட்டார். அவர் எதையும் அப்படித்தான் செய்வார். அல்சூரில் ஏரியைப் பார்த்த பால்கனியுடன் மூன்றாம் மாடி வீடு. ஏரி நாறும் என்று போகும்போதெல்லாம் சொல்வேன். ஒருமுறைகூட நாறியதில்லை.

அடுத்த ஜனவரியில் கோவாவுக்கு ஏழு நாள் ஆட்டோ ஓட்டம் ஒன்று இருந்தது. ஒரு குழுவுக்கு ஒரு வண்டி, இரண்டு பேர். வீட்டம்மாக்கள் சேர்ந்து பேசி நாங்கள் இருவரும் ஒரே குழு என்று முடிவு செய்துவிட்டார்கள். அதில் எங்களுக்குக் கருத்து இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. யாருடைய வண்டி, யார் கைப்பிடி பிடிப்பது, யார் பின்சீட்டில் வரைபடத்தோடு உட்காருவது என்பது மட்டும் எங்களுக்கு விடப்பட்டது. ஹெப்பாளிலிருந்து நந்தி மலை உச்சிக்கு யார் முதலில் போகிறாரோ அவர் ஓட்டுநர், வண்டியும் அவருடையது. எடை சமமாக இருக்க, அவரவர் மனைவி அவரவர் பின்சீட்டில்.

அக்டோபரில் ஒரு முறை ஒத்திகை போனோம். அன்றுதான் ரவியின் சக்கரங்களைப் பார்த்தேன். ஆட்டோவின் எட்டு அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, பின்னால் இரண்டிலும் சின்னக் காரின் பன்னிரண்டு அங்குலச் சக்கரம் போட்டிருந்தார். அகலமான டயர், கறுப்பு பாலீஷ். வண்டி இடுப்பைத் தூக்கிக்கொண்டு, பாய்வதற்கு முன் நிற்கும் மிருகம் மாதிரி நின்றது. பக்கத்தில் என் வண்டி காய்கறி மூட்டைக்குக் காத்திருப்பது போல இருந்தது. தேவனஹள்ளி சாலையில் என்னைத் தாண்டியவர் அடிவாரம் வரை கண்ணில் படவில்லை.

மலையில் ஏறும்போது மூன்றாவது வளைவில் அவர் வண்டி ஓரமாக நின்றிருந்தது. நான் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தேன். இருபது நிமிடம் கழித்து வந்தார், கழுத்தில் புது கேமராவோடு.

"வியூ சூப்பரா இருந்துச்சுண்ணா. நாலு போட்டோ எடுத்தேன்" என்றார். நெற்றியில் வேர்த்திருந்தது.

படம் எடுக்க வண்டியை நிறுத்தும் அளவுக்குக் கையில் நேரம் வைத்திருக்கும் மனிதர். அந்தச் சக்கரங்களும் அந்த கேமராவும் சேர்ந்து இரண்டு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

பழைய டயருக்கு சிவாஜிநகர் போங்கள். காலை பதினொன்றுக்கு முன்னால் போனால் கடைக்காரர்களுக்குப் பேசப் பொறுமை இருக்கும். நான் போன கடை நயாஸ் பாயுடையது. பன்னிரண்டு அங்குலம் வேண்டும் என்றதும் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆட்டோக்கா சார்? என்னாத்துக்கு?"

"மலை ஏறணும்."

"மலைக்கு எட்டுதான் சார் கரெக்டு. பெருசு போட்டா ரோட்ல மஸ்த்தா ஓடும். மேட்ல உக்காந்துக்கும்."

"எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் போட்டிருக்கார். பிரமாதமா ஏறுது."

பாய் மேற்கொண்டு வாதாடவில்லை. உள்ளே போய் ஒரு ஜோடியை உருட்டிக்கொண்டு வந்தார். அகலம், பாலீஷ், எல்லாமே நான் கனவில் கண்டபடி. "முந்தாநேத்துதான் வந்துச்சு. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. ஆட்டோ அச்சுல மாட்டற பிளேட்டும் கூடவே இருக்கு. லேத் செலவு மிச்சம் சார் உங்களுக்கு."

இதைவிட அதிர்ஷ்டம் என்ன வேண்டும்? ஆட்டோ அச்சில் மாட்டும் தகடோடு யார் கார் சக்கரம் விற்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. ஜோடி 2,600 ரூபாய். என் பச்சைச் சக்கரங்களைக் கொடுத்தால் 700 கழித்துக்கொள்வதாகச் சொன்னார்.

"எழுநூறா? பழசுக்கா?"

"டயர் நல்லாருக்குல்ல சார். ஒரு கஸ்டமர் எட்டு அங்குலம்தான் வேணும்னு சொல்லி வெச்சிருக்காரு. அவசரமாம்."

நியாயம்தான். ஆறு மாதத்துக்கு முன் எட்டுக் கடை ஏறி, ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்து, பக்கச்சுவரில் தயாரித்த வாரம் வரை படித்து நான் தேர்ந்தெடுத்தவை அவை. அந்த அவசரக்கார ஏமாளியை நினைத்து, வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

பந்தய நாள் காலை 5.45க்குக் கிளம்பி 6.30க்கு ஹெப்பாள் வந்தோம். ரவியும் அவர் மனைவி சுமதியும் ஏற்கெனவே வந்து இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சக்கரங்கள் தெரியாதபடி பின்பக்கம் கட்டித் தொங்கவிட்டிருந்த தார்ப்பாயை நீக்கினேன். ரவி என் சக்கரங்களைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஐந்து வருட உறவில் முதல்முறையாக அவர் முகத்தில் பொறாமையைக் கண்டேன். அந்தக் காலைநேரத்துக்காக 1,900 ரூபாய் அதிகமே இல்லை.

பிறகு அவர் வண்டியைப் பார்த்தேன். எட்டு அங்குலச் சக்கரங்கள், மேலே வெள்ளிநிற பெயிண்ட். பாவம், ஷேரில் ஏதாவது பணம் போயிருக்கும். பெரிய சக்கரத்தை விற்றுவிட்டார்.

"எங்கண்ணா வாங்கினீங்க?" என்றார்.

"அதெல்லாம் சொல்ல மாட்டேன்."

"இல்லண்ணா, மலையில..." என்று இழுத்தார்.

"மலையில பேசிக்கலாம் ரவி."

சமதளத்தில் பாய் சொன்னது சரிதான், மஸ்த்தாகவே ஓடியது. புது விமான நிலையம் கட்டுகிற லாரிகள் இரண்டு பக்கமும் புழுதி கிளப்ப, மணிக்கு 70 தொட்டேன். வசந்தி பின்சீட்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "தங்கச்சி வண்டி எங்கயும் காணமே" என்றாள். அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். 7.40க்கு அடிவாரம். எட்டு நிமிட முன்னிலை.

முதல் வளைவு வரை சரியாகவே போனது. இரண்டாவது வளைவில் இரண்டாம் கியர் முனகியது. முதல் கியருக்கு வந்தேன். முறுக்கினேன். சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் தீய்ந்த நாற்றம் வந்தது. வளைவில் கொய்யா விற்றுக்கொண்டிருந்த அம்மா கன்னடத்தில், "பஸ்ட் கியர் இல்வா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். முதல் கியரில்தான் இருக்கிறேன் என்று சொல்ல என் கன்னடம் போதும். மனம்தான் வரவில்லை.

வசந்தி இறங்கினாள். "நான் நடந்து வரேன். நீங்க மெதுவா வாங்க" என்றாள். இப்போது வண்டி நகர்ந்தது. அவள் அதற்குப் பக்கத்தில் நடந்தாள். பிறகு முன்னால் நடந்தாள். அடுத்த வளைவுக்கு முன் திரும்பிப் பார்த்து, "மேல போயி டீ சொல்லி வெக்கட்டுமா?" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

பின்னால் கணகணவென்று ஒரு சத்தம். ரவி. முதல் கியரில், சீராக, சுமதியோடு, ஆட்டோ எப்படி மலையேற வேண்டுமோ அப்படி ஏறி வந்தார். என்னைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கும்போது அவர் இடது பின்சக்கரம் ஓரக் கல்லில் உரசி, வெள்ளிப் பூச்சு ஒரு விரல் அகலத்துக்குப் பெயர்ந்தது. அடியில் பச்சை. எங்கள் வீட்டு கேட்டின் பச்சை.

வண்டியை நிறுத்தி, இறங்கி, என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒத்திகை நாளில் மூன்றாவது வளைவில் நின்றிருந்த வண்டி நினைவுக்கு வந்தது. வேர்த்த நெற்றியும் வந்தது. அந்த போட்டோக்களை அவர் இன்று வரை யாருக்கும் காட்டியதில்லை.

9.20க்கு உச்சியை அடைந்தேன். வசந்தி எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். டீ ஆறியிருந்தது.

"அன்னிக்கு நீங்க என்னைத் தாண்டிப் போனப்ப வயிறு எரிஞ்சுச்சுண்ணா" என்றார் ரவி. "கிளட்ச் தீஞ்சு போச்சு. வெளிய சொல்ல வெக்கம். மறுவாரமே நயாஸ் பாய்கிட்ட போயி பெரிய சக்கரத்தக் குடுத்துட்டு எட்டு அங்குலம் வேணும்னு சொல்லிட்டேன்."

"பச்சை பெயிண்ட் தெரியலையா?"

"தெரிஞ்சுது. ஊர்ல எத்தனையோ பச்சை. காலையில உங்க சக்கரத்தப் பாத்தப்பதான் புரிஞ்சுது. சொல்ல வந்தேன், நீங்க மலையில பேசலாம்னீங்க."

இனி, போகிறவர்களுக்கு. ஆட்டோவின் எட்டு அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்துக் குறுக்கே சுமார் 16 அங்குலம். பன்னிரண்டு அங்குலக் கார் சக்கரம் டயரோடு சுமார் 20. அதாவது ஐந்து சுற்றுச் சுற்றிப் போக வேண்டிய தூரத்தைப் பெரிய சக்கரம் நான்கில் போகிறது. சமதளத்தில் அது வேகம். மேட்டில், உங்கள் முதல் கியரை யாரோ திருடிக்கொண்டது போல. கடையில் ரிம் அளவை மட்டும் கேட்காதீர்கள், டயரோடு முழு உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும், ஐந்து வருடத்துக்கு மேல் பழசு வேண்டாம். டயரின் மேல் வெட்டு, அதாவது பட்டன், முன்சக்கரத்துக்கு நேர்கோடாக, பின்னால் கட்டையாக இருக்கட்டும். காற்று முன்னால் 30, பின்னால் 34. சக்கர அளவை மாற்றினால் ஆர்.டி.ஓ.விலும் கேள்வி வரும். சகலை வைத்திருக்கிறார் என்பதைத் தவிர வேறு ஒரு காரணமாவது உங்களிடம் இருக்கட்டும்.

ஜனவரியில் கோவா போனோம். ரவியின் வண்டி, ரவி ஓட்டினார். ஏழு நாளும் நான் பின்சீட்டில், மடியில் வரைபடம். மலைப்பாதைகளை வண்டி மூச்சு வாங்காமல் ஏறியது. ஒரு பஞ்சர்கூட இல்லை. பரிசளிப்பின்போது எங்கள் வண்டியின் டயர்களைப் பலர் குனிந்து பார்த்து, யார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டார்கள்.

ரவி வாயைத் திறப்பதற்குள் நான் பின்சீட்டிலிருந்து இறங்கிவிட்டேன்.