பென்னாகரம் சாலையில் ஒரு நூலகமும் எதிரே ஒரு டீக்கடையும்

வெளியூர் போனால் எல்லோரும் கோயிலையோ அருவியையோ தேடுவார்கள். நான் நூலகத்தைத் தேடுவேன். "ஒகேனக்கல் வரைக்கும் போய் மீனைக்கூடத் தின்னாம, புத்தக அலமாரியைப் பார்த்துட்டுத் திரும்பின ஒரே ஆள் நீதான்" என்று என் கணவர் இன்றைக்கும் கிண்டல் செய்வார். இந்த ஐப்பசியில் பொம்மிடியில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். பென்னாகரம் போகும் சாலையில் ஒரு சின்னக் கிளை நூலகத்துக்கு அரசு நிதியில் கணினியும் இணையமும் வந்திருப்பதாக அவர்தான் சொன்னார். கூடவே, கண் தெரியாதவர்களுக்குப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டும் கருவி ஒன்றும் வந்திருக்கிறதாம். அதற்குமேல் எனக்கு வீடு தங்குமா? மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன்.

பொம்மிடியில் ஆறு மணிக்குப் பஸ் ஏறினால் ஏழு மணிக்குமேல் தருமபுரி. அங்கிருந்து பென்னாகரம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆனால் நின்று நின்றுதான் போகும். எனக்கு அவசரமில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியிருந்தது. ராகிக் காடுகள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. கண்ணை மூடினால் ஒரு ஊர், திறந்தால் வேறு ஊர். ஆடு ஓட்டிப்போன ஒரு பெண்ணை இரண்டு முறை பார்த்ததுபோல் இருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டாத குறையாக, "லைப்ரரி ஸ்டாப்பிங் வந்திருச்சுங்க மேடம்" என்று இறக்கிவிட்டார்.

நூலகம் திறக்க இன்னும் நேரமிருந்தது. எதிரே புளியமரத்தடியில் ஒரு டீக்கடை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தம்ளரில் டீ விழும் சத்தத்தை வைத்தே அளவு பார்க்கிறார் என்பது இரண்டாவது டீயில்தான் எனக்குப் புரிந்தது. முனிராஜ் என்று வைத்துக்கொள்வோம், பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். முன்பு லாரி ஓட்டியவர், கண்ணில் பிரஷர் ஏறிப் பார்வை போய்விட்டது. கல்லாவையும் போண்டாச் சட்டியையும் அவர் மனைவி காவேரி பார்த்துக்கொண்டார். நூலகம் எப்போது திறக்கும் என்று நான் கேட்டதும் காவேரியின் முகம் மாறியது. தண்ணீர் டிரம் இருக்கும் பின்பக்கத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"மெசினப் பாக்க வந்த ஆபீசருங்களா?"

"இல்லைங்க, சும்மா ஊர் பார்க்க வந்தேன்."

அவர் நம்பவில்லை. "இன்னிக்கு ஒரு நாளு அது ஓடாதுன்னு சொல்லிடுங்க மேடம். நாளைக்கு நல்லா ஓடட்டும்."

ஏன் என்று கேட்டேன். போண்டா மாவு கையோடு, அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

பார்வை போன புதிதில் முனிராஜ் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருப்பாராம். சாப்பாடு வேண்டாம், பேச்சு வேண்டாம். "உனக்கு பாரமா இருக்க மாட்டேன், எங்கியாச்சும் போயிடறேன்" என்பது மட்டும்தான் பேச்சு. காவேரி இதே நூலகத்தில் ஒரு நாவலை எடுத்துவந்து சாயங்காலங்களில் வாசித்துக் காட்டியிருக்கிறார். மில்லில் ஒரு கையை இழந்தவனின் கதை. முனிராஜ் மெல்லக் காது கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் கடைசியில் அந்தக் கதாநாயகன் விடியுமுன் வீட்டை விட்டுப் போய்விடுகிறான்.

"அதப் போயி இந்த மனுசங்கிட்ட எப்பிடிங்க படிக்கிறது? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனான், மனசு கேக்கல, வூட்டுக்குத் திரும்பிட்டான்னு படிச்சேன். அப்புறம் என்னா பண்ணான்னு கேட்டாரு. டீக்கடை போட்டான்னுட்டேன். வாயில வந்துச்சு, அவ்ளோதான்."

அப்படி, புத்தகத்தில் இல்லாத இரண்டு அத்தியாயங்களை இரண்டு சாயங்காலங்களில் வாசித்திருக்கிறார். அது முடிந்து சில நாள் கழித்து முனிராஜ் கேட்டாராம், "நாமளும் ஒரு கடை போட்டா என்னா?" நான் டீ குடித்துக்கொண்டிருந்தது அந்தக் கடையில்தான்.

கருவி வந்ததும் முனிராஜ் முதலில் கேட்டது அதே நாவலைத்தான். தினமும் காலையில் போய்க் கேட்டுக் கேட்டு, இன்றைக்குக் கடைசி அத்தியாயம்.

"பொய் சொல்லி ஏமாத்திட்டேன்னு நெனச்சாக்கூட பரவால்லீங்க. திரும்ப செவுத்தப் பாத்து ஒக்காந்துட்டாருன்னா நான் என்னா பண்றது?"

என்னிடம் அதிகாரம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நூலகர் தீபாவுக்கு முப்பது வயதிருக்கும். சுற்றிக் காட்டுவதில் அவ்வளவு ஆசை. "நிதி வந்துருச்சுன்னு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க மேடம். நான் சுவத்தப் பாத்தேன், இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். முதல்ல ஒயரிங், அப்புறம் யுபிஎஸ், அதுக்கப்புறம்தான் கம்ப்யூட்டர்னு அடம்புடிச்சு வாங்கினேன்." இப்போது நான்கு கணினிகள். மூன்றில் பெண்கள் உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். முன்பு ஒரு விண்ணப்பம் போடவே தருமபுரி போகவேண்டியிருந்ததாம். ஒவ்வொரு மேசையிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அந்த அறை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

முனிராஜ் கோலைத் தட்டிக்கொண்டு தனியாகவே சாலையைக் கடந்து வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே காவேரி கரண்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

தீபா நாவலைக் கேமராவுக்குக் கீழே விரித்து வைத்தார். ஒரு பெண்குரல் வாசிக்கத் தொடங்கியது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை, ஒரே சீரான குரல். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் பக்க எண்ணையும் சேர்த்தே வாசிக்கிறது. வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. மின்விசிறி மெல்லச் சுற்றியது. அந்தக் குரலோடு நானும் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் போய், தூங்குகிற குழந்தையைத் தாண்டி, கதவுத் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் நீக்கிக்கொண்டிருந்தேன். பாதிக் கனவில் இருந்தவளுக்குத் திடீரென்று காவேரியின் நினைவு வந்தது. பிளக் என் காலடியில்தான் இருந்தது. கால் கொஞ்சம் நீளவும் செய்தது. ஆனால் பிடுங்கி என்ன பயன்? தீபாதான் அடம்பிடித்து யுபிஎஸ் போட்டுவிட்டாரே.

"வாசல் இறங்கினான். தெருமுனை தாண்டிய பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. முற்றும்" என்றது குரல். அதே மூச்சில், "இருநூற்றுப் பன்னிரண்டு."

முனிராஜ் தீபா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அவ்ளோதானாங்க?"

"அவ்ளோதாங்கண்ணா."

"பின்னாடி ஏதாச்சும் பக்கம் இருக்குதா பாரும்மா."

தீபா புரட்டிப் பார்த்தார். "அட்டைதாங்கண்ணா."

அவர் புத்தகத்தைக் கையில் வாங்கிக் கடைசித் தாளைத் தடவினார். அட்டையைத் தடவினார். மூடி, மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். என்னால் உட்கார முடியவில்லை, பின்னாலேயே போனேன்.

கடையில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, காவேரி அதைக் கவனிக்கவே இல்லை. முனிராஜ் வாசனை பிடித்து நேரே அடுப்புக்குப் போய்த் தீயைக் குறைத்தார். துணியைத் தேடி எடுத்துத் துடைத்தார்.

"காவேரி, அந்த மெசினு கடைசி ரெண்டு அத்தியாயத்த வுட்டுட்டுது."

காவேரி கரண்டியைக் கீழே வைத்தார்.

"சாயங்காலம் நீ படி."

"பொஸ்தகம்... லைப்ரரில இருக்குதுங்களே."

"உனக்கு எதுக்கு பொஸ்தகம்?"

காவேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம். முனிராஜ் எதுவுமே நடக்காததுபோல், "மேடத்துக்கு ஒரு டீ போடட்டுமா?" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் இதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். கருவியின்மேல் எனக்கு வருத்தமில்லை. இருப்பதை இருப்பதுபோல் வாசிப்பது அதன் வேலை, அதை ஒழுங்காகச் செய்கிறது. நாளையிலிருந்து தினமும் செய்தித்தாள் வைக்கச் சொல்லியிருக்கிறார் முனிராஜ். இனிமேல் யாருடைய ஓய்வு நேரத்துக்காகவும் அவர் காத்திருக்க வேண்டாம். அரசுப் பணம் இப்படி ஒரு இடத்தில் வந்து சேர்ந்ததைப் பார்த்ததில் எனக்கு நிறைவுதான்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை நூலகம் விடுமுறை. பனி பார்க்கவேண்டுமானால் தருமபுரியில் எட்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். அதே சாலையில் மேலே போனால் ஒகேனக்கல், மீன் ஆசை உள்ளவர்கள் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். கருவியில் ஏதாவது கேட்டுப் பார்க்க விரும்பினால் நூலகரிடம் சொன்னால் போதும். அந்த நாவலும் அங்கேதான் இருக்கிறது. எடுத்துப் படிப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு எழுந்து ஊருக்குப் போய்விடாதீர்கள். சாலையைக் கடந்து, எதிரே ஒரு டீ குடித்துவிட்டுப் போங்கள்.