சூப்பிரண்டு பார்க்க வந்த டெய்சி

இன்றைக்கு எங்கள் வீட்டு முற்றத்தில் ரத்தம் சிந்திவிட்டது!

பயப்படாதீர்கள், எல்லாரும் சௌக்கியம். விஷயம் டெய்சிப் பூ.

கரமனை அக்ரஹாரத்திலேயே டெய்சி வளர்க்கிற ஒரே மனுஷர் என் அகத்துக்காரர்தான். பெங்களூரிலிருந்து தபாலில் விதை வரவழைத்து, பாத்தி கட்டி, கெரசின் டின்னை வெட்டி வேலியும் போட்டார். (மாடு மேயாமல் இருக்கவாம். பெருக்குமாற்றோடு நின்ற என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.)

முற்றத்தில் ஒரு புல் தலைகாட்டினாலும் பிடுங்கி எறிகிற வீடு இது. அந்தப் பாத்திக்கு மட்டும் விலக்கு.

மழை பெய்தது. செடி வந்தது. பூவும் வந்தது!

வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஆனால் கேட்லாக் படத்தில் இதழ்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. எங்கள் பூவில் ஐந்தே ஐந்து. படத்தில் இலை தரையோடு படிந்திருந்தது. எங்கள் செடியோ வேலி தாண்டி ஓடியது.

“ஏன்னா, கிணத்தங்கரையிலே இதே மாதிரி ஒண்ணு கிடக்கே?”

“நோக்கு மல்லியும் அரளியும்தான் தெரியும். இது இங்கிலீஷ் பூவாக்கும்! உரம் பத்தலை, அதான் இதழ் கொறைச்சல்.”

அன்றிலிருந்து செடிக்குப் புண்ணாக்குத் தண்ணீர். (பசுவுக்குக் கோபம்.)

அதோடு விட்டாரா? ஆபீசில் போய்ப் பெருமையடித்திருக்கிறார். “நானே வந்து பார்க்கேன்” என்று சூப்பிரண்டு கிளம்பிவிட்டார்! நாஞ்சில் நாட்டுக்காரர். இவருடைய ப்ரமோஷன் ஃபைல் அவர் மேஜையில்தான் ரொம்ப நாளாகத் தூங்குகிறது.

காலையில் வில்வண்டி வந்து நின்றது. சூப்பிரண்டு சம்சாரத்தை வண்டியிலேயே விட்டுவிட்டு நேரே பாத்திக்குப் போனார். பூவைப் பறிக்கக் கை நீட்டினார். தகரம் விரலைக் கிழித்துவிட்டது!

இவர் “ஐயோ சார், ஐயோ சார்” என்று முற்றத்தைச் சுற்றுகிறார்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. பாத்தியிலிருந்தே நாலு இலையைப் பறித்துக் கசக்கி இவர் கையில் திணித்தேன். “சாறைப் பிழிஞ்சு விடுங்கோ!”

ரத்தம் நின்றது.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவருடைய டெய்சி வெறும் கிணற்றங்கரை வெட்டுக்காயப் பூண்டு என்று இவருடைய சூப்பிரண்டுக்கே காட்டிக்கொடுத்துவிட்டேன். ப்ரமோஷன் போச்சு!

சூப்பிரண்டு விரலைப் பார்த்தார். பூவைப் பார்த்தார்.

“வே, இது வெட்டுக்காயப் பூண்டுல்லா?”

“பாக்கெட்டிலே டெய்சின்னுதான் சார் போட்டிருந்தது…” இவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

சூப்பிரண்டு வாசல் பக்கம் திரும்பினார். அவர் சம்சாரம் அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“என் வீட்டுலயும் இதே எழவுதான் வே முளைச்சிருக்கு. டெய்சின்னு சொல்லி வச்சிருக்கேன். அவகிட்ட மூச்சு விட்டுராதேயும். ஃபைலை நாளைக்கே பார்த்திருவோம்.”

அந்த அம்மாள் வந்தார். “அட, எங்க வீட்டு டெய்சி மாதிரியே இருக்கே!”

“ஆமாம் ஆமாம்!” மூன்று பேரும் ஒரே குரலில்!

அப்புறம் அந்த அம்மாளை உள்ளே அழைத்துப்போய் வெற்றிலைத் தட்டை நீட்டினேன். அவர் என் காதோடு சொன்னார்:

“போன வாரம் அருவாமணை கையை வெட்டிட்டு. அந்த டெய்சியத்தான் கசக்கி வச்சேன். பாவம், ஆசையா வளர்க்காரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாண்டாம், கேட்டியா?”

நீங்களே சொல்லுங்கள், இதை இவரிடம் சொல்லட்டுமா? இல்லை, ப்ரமோஷன் ஆர்டர் வருகிறவரை வாயை மூடிக்கொண்டிருக்கட்டுமா?