சிவப்புப் புள்ளி விழும் இடம்

கண்ணுக்குத் தெரியாததை நேராக்குவதுதான் என் வேலை. லேசர் வெல்டிங் மெஷினின் தலைப்பகுதி மேலே தொங்கும். அதனுள் இரண்டு சின்னக் கண்ணாடிகள் அசைந்து ஒளியைத் திருப்ப, கீழே கிடக்கும் தகடுகள் யாரும் தொடாமலே ஒட்டிக்கொள்ளும். அந்த ஒளி தெரியாது என்பதால், வழிகாட்ட ஒரு சிவப்பு ஒளியையும் கூடவே விடுவார்கள். சிவப்புப் புள்ளி நிற்கும் இடத்தில்தான் வெல்டிங் விழும் என்று எல்லாரும் நம்புகிறோம். நானும் நம்பியவள்தான்.

போன மழைக்காலத்தில் நெருளைத் தாண்டி ஒரு ஷெட்டுக்குப் போனேன். அங்கே பேட்டரிப் பெட்டி செய்கிறார்கள். பெரிய பெட்டிக்கு மாறியதிலிருந்து ஓரத்து வெல்டிங் மட்டும் இணைப்பை விட்டு விலகி விழுகிறதாம். மெஷின் ஓட்டும் பெண் தகட்டை ஒழுங்காக வைப்பதில்லை என்று சூப்பர்வைசர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். தீர்ப்பை எழுதிவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பெண் தமிழர்கள் அதிகம் வாழும் சீத்தா கேம்ப் குடியிருப்பிலிருந்து வருகிறவள். நான் போனில் பேசிய தமிழைக் கேட்டதும் பக்கத்தில் வந்தாள்.

"மேடம், நான் சிவப்பு மேலதான் வைக்கேன். எல்லாரு முன்னாடியும் என்னைய ஏசிட்டாரு. திரும்பவும் பேக்கிங்குக்கே போங்காரு. அங்கேருந்து இந்த மெஷினுக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நடுப்பகுதியைச் சோதித்தேன். கச்சிதமாக இருந்தது. பிறகு ஓரம் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? விட மனமில்லை. சூடு பட்டால் கறுக்கும் கடைப் பில்கள் என் பையில் எப்போதும் இருக்கும். மாட்டுங்கா மளிகைக் கடையின் நீளமான பில்லைக் கிழித்து நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒட்டினேன். கதவைச் சாத்தி, சக்தியைக் குறைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நொடிக்கும் குறைவாக லேசரை விட்டேன்.

திறந்து பார்த்தால், நடுவில் சிவப்பும் கரும்புள்ளியும் ஒன்றாக இருந்தன. மூலைகளில் மட்டும் கரும்புள்ளி சிவப்பைத் தாண்டி, ஒரு அரிசி அளவு வெளியே விழுந்திருந்தது. வழிகாட்டும் ஒளியும் வெல்டிங் ஒளியும் வேறு வேறு அலைநீளம்; இரண்டும் ஒரே லென்ஸ் வழியாக வந்தாலும் அது சிவப்பைக் கொஞ்சம் அதிகமாக வளைக்கிறது. நடுவில் அது தெரியாது, ஓரத்துக்குப் போகப் போகப் பிரியும். சின்னப் பெட்டி நடுவிலேயே அடங்கிவிட்டதால் இத்தனை நாள் இந்த விலகல் வெளியே தெரியவில்லை. படித்த விஷயம்தான். ஆனாலும் மளிகைப் பில்லில் கண்ணால் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"அப்போ நான் சரியாத்தான் வச்சிருக்கேனா?"

"நீ சரியாத்தான் வெச்சிருக்கே. சிவப்புதான் வேற எடத்துல நின்னுண்டிருக்கு."

கரும்புள்ளிகளை வைத்தே மெஷினின் அளவுகளைத் திருத்தினேன். அடுத்த பெட்டியில் வெல்டிங் இணைப்பின் மேலேயே ஓடியது. சூப்பர்வைசர் குனிந்து பார்த்து, "சரி, மெஷின் கோளாறு" என்று என்னிடம் மட்டும் முணுமுணுத்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் குறுக்கே வந்து நின்றாள். குரலை உயர்த்தாமல் இந்தியில், திட்டியது எல்லார் முன்னாலும், இதையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் மீதிப் பில்களைப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும் என்றார் அவர். அவள் நேராகப் போய், ஷெட்டே அதிர இரைந்துகொண்டிருந்த காற்றுக் கம்ப்ரஸரை நிறுத்தினாள்.