அம்மாவின் பிறப்பிடம்

என் அம்மாவின் மரண அறிவித்தலில் ஒரு பொய் இருந்தது. பத்திரிகையில் படத்தோடு அச்சான பொய். ரேடியோவில் இரண்டு நாள், காலையும் மாலையும், சோக இசையோடு வாசித்த பொய். "யாழ்ப்பாணம் கொக்குவிலைப் பிறப்பிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட..." என்று தொடங்கியது. வதிவிடம் சரி. மற்றது சுத்தப் பொய். அம்மா கொக்குவிலை முதன்முதலாகக் கண்டது இருபத்தொரு வயதில், அப்பாவுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியோடு ரயிலால் இறங்கியபோதுதான். அதற்கும் கீழே, "காலஞ்சென்ற" என்று போட்டு இரண்டு பேரை அம்மாவுக்குப் பெற்றோராக்கியிருந்தது. அப்படி இரண்டு பேர் உலகத்தில் எங்கேயும் பிறக்கவில்லை.

அந்த அறிவித்தலைக் கொடுத்தது என் அண்ணா. நான் ஆஸ்பத்திரியில் அம்மாவின் உடுப்புகளைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு நின்ற ஒரு மணித்தியாலத்துக்குள் போன் பண்ணிச் சொல்லி முடித்துவிட்டார். எங்கள் சனத்துக்கு அது அவசரமான வேலை. ஒருவர் செத்தால் அழுகை ஓய முதலே, "நோட்டீஸ் குடுத்தாச்சோ?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த நோட்டீஸ் அம்மாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். மார்க்கம் ரோட்டில் பதினோராம் மாடி அப்பார்ட்மென்ரில் நானும் அம்மாவும்தான் இருந்தோம். காலையில் நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அவ கார்ப்பெற்றில் இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து உட்கார்ந்து, வெறுந்தேத்தண்ணியோடு ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருப்பா. செத்தவர்களில் ஒருவரையும் அவவுக்குத் தெரியாது. ஆனாலும் ஒரு நாளும் தவறவிட மாட்டா. "ஏனம்மா விடியக் காத்தால சாவீட்டுக் கதை?" என்று நான் சினப்பேன். "பேசாமல் போ பிள்ளை, ஊரைச் சொல்லப் போறான்" என்பா.

கடைசிக் கிழமை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டா.

"பிள்ளை, நான் கொக்குவில் இல்லை. தெரியுமோ?"

"தெரியும் அம்மா. மலாயாவில பிறந்தனீங்கள்."

"மலாயாவில பிறந்த தமிழ்ப் பிள்ளை இல்லை. நான் மலாய்க்காரி. உன்ர கொப்பா சிரம்பானில றெயில்வே கிளாக்கர். யப்பான்காரன்ர காலத்தில எங்கட கம்பத்தில, எங்கட கிராமத்தில, வந்து ஒளிச்சிருந்தவர். பிறகு நான் அவரோட வெளிக்கிட்டு வந்திட்டன்."

எனக்குத் தலை சுற்றவில்லை. கோபம்தான் வந்தது. நாற்பத்தைந்து வயதுவரை என்னை முட்டாளாக வைத்திருந்திருக்கிறார்கள்! அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக விளங்கியது. பயந்தால் எல்லாரும் "ஐயோ" என்பார்கள், அம்மா மட்டும் "அலாமா!" என்பா. எதையாவது காட்டவேண்டுமென்றால் சுட்டுவிரலை நீட்ட மாட்டா. நாலு விரலையும் மடித்துப் பெருவிரலால்தான் காட்டுவா. கொக்குவிலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பழிப்புக் காட்டுவார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றி, விட்பியில் நான் கார் சீற் உறை தைத்த பாக்டரியில் சூப்பர்வைசர் சிரிப்பான்.

அம்மா என் கையைப் பிடித்தா. "எல்லாரையும் அவரவர் ஊரோடதான் அனுப்புகினம். என்னையும் என்ர ஊரோட அனுப்பு. நோட்டீஸில போடு. சரியோ?"

"ஓம் அம்மா. போடுறன்" என்றேன். மூன்று நாளில் அவ போய்விட்டா. நான் கொடுத்த வாக்கும் போய்விட்டது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனம் போனபிறகு அண்ணாவைப் பிடித்தேன். அம்மா சொன்னதெல்லாம் சொன்னேன். அவர் திடுக்கிடவே இல்லை. அவருக்கு முதலே தெரியும்! அப்பா சாகும்போது மூத்த பிள்ளை என்று அவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"தெரிஞ்சுகொண்டோ பொய் குடுத்தனீங்கள்?"

"உனக்கென்ன விசரோ? என்ர பிள்ளைக்கு மிசிசாகாவில சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். அதுகள் ஊர் விசாரிக்கிற சனம். மலாய், முஸ்லிம் எண்டு நோட்டீஸில போட்டால் நாளைக்கு அவை கதவைத் திறப்பினமோ?"

"அம்மா கேட்டவ, அண்ணா."

"கடைசி நேரத்தில அது என்னவோ பிதற்றியிருக்கும்."

பெற்ற தாயை "அது" என்றார். பிதற்றல் என்றார். அவருக்கும் பிள்ளையைப் பற்றிய பயம் இருந்தது, அதை இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இருந்து பாருங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் சாமித்தட்டைக் கிளறினேன். பிள்ளையார் படத்துக்குக் கீழே, பட்டுத்துணியில் சுற்றி ஒரு கடிதம் இருந்தது. உள்ளே அரபு எழுத்து. ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவரின் விலாசம் மட்டும் இங்கிலிஷில். கடிதம் நாற்பது வருடத்துக்கு மேல் பழசு. இருந்தாலும் அந்த விலாசத்துக்கே, நான் இன்னாரின் மகள், அம்மா காலமாகிவிட்டா என்று எழுதிப் போட்டேன். ஏழாவது கிழமை பதில் வந்தது. எழுதியது அம்மாவின் அக்காவின் மகள், எனக்குத் தங்கச்சி முறை, ஒரு பள்ளிக்கூட ரீச்சர். தன் அம்மா என்னை வரச் சொல்கிறா, வீடு அப்படியே இருக்கிறது என்று இரண்டே வரி.

அந்த வருடம், தொண்ணூற்றைந்து, இலையுதிர்காலத்தில்தான் ஆமி நெருங்க யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தது. கொக்குவிலில் எங்கள் வீட்டில் இருந்த சொந்தக்காரரும் வீட்டைப் பூட்டிவிட்டு, கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அண்ணா ரெலிபோனுக்குப் பக்கத்தில் இருந்து குழறி அழுதார். நானும் அழுதேன். அழுதுகொண்டே எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் குடும்பத்துக்குத் திரும்பிப் போக மிச்சமிருந்த ஒரே வீடு, எங்கள் குடும்பம் ஒளித்துவைத்த வீடுதான். கிறிஸ்மஸுக்குப் பாக்டரியை இரண்டு கிழமை பூட்டினார்கள். புதுக் கனடாப் பாஸ்போர்ட்டோடு பிளேன் ஏறினேன். அண்ணாவுக்குச் சொல்லவில்லை.

சிரம்பானிலிருந்து பஸ் பிடித்து, தங்கச்சி அடுத்த கடிதத்தில் குறித்திருந்த சந்தியில் இறங்கி, பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிசியிடம் கடித உறையைக் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு, நாலு விரலையும் மடித்து, பெருவிரலால் பாதையைக் காட்டினாள்.

நான் அந்த இடத்திலேயே, நடுச்சந்தியில், பெட்டியில் குந்தி இருந்து அழுதேன். அந்த மனிசி பயந்துபோய் எனக்கு ஒரு வாழைப்பழம் உரித்துத் தந்தாள்.

வீடு மரக்கால்களில் உயர்ந்து நின்றது. கூரையின் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்திருந்தன. படிக்கட்டின் மேல்படியில் ஒரு கிழவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றா. அம்மாவின் நெற்றி, அம்மாவின் தாடை. பெரியம்மா. கட்டிப்பிடிப்பா, அழுவா என்று நினைத்தேன். ஏச்சுத்தான் விழுந்தது! மூச்சு விடாமல் ஏசினா. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற தங்கச்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு இங்கிலிஷில் சொன்னாள். அதை என் தமிழில் எழுதுகிறேன்: "ஐம்பது வருஷம் பிந்தி வாறியள். என்ர கடிதத்துக்கு அவள் ஒரு வரி பதில் எழுதேல்லை. இப்ப என்னத்தைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? சோறு ஆறுது, ஏறு." ஏறு என்ற இடத்தில் பெருவிரல் உள்ளே காட்டியது.

ஏறினேன். நெற்றியில் பொட்டோடுதான் ஏறினேன். அழித்துவிட்டுப் போகலாமோ என்று பஸ்ஸில் ஒரு கணம் யோசித்தது உண்மை. ஸ்காபரோவில் ஒன்றை ஒளித்து, இங்கே மற்றதை ஒளிக்க நான் என்ன களவா எடுத்தேன்? பெரியம்மா பொட்டைப் பார்த்தா. அம்மாவும் வைத்திருந்தாளா என்று கேட்டா. ஓம், சாகும்வரைக்கும் என்றேன். தொழுதாளா என்று கேட்டா. எனக்குத் தெரியாது, விடிய எழும்பி முகம் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பா, அந்த நேரம் கதை கொடுத்தால் ஏச்சு விழும் என்றேன்.  பெரியம்மா என் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு போட்டா.

சாப்பாடு முடிய தங்கச்சி அந்தப் பழைய கடிதத்தை, அரபு எழுத்தில் எழுதிய மலாயை, உரத்து வாசித்து எனக்கு இங்கிலிஷில் சொன்னாள். பெரியம்மா எழுதிய கடிதம்தான். பெரியம்மா பாயில் இரண்டு காலையும் ஒரு பக்கமாக மடித்து இருந்து கேட்டுக்கொண்டிருந்தா. "ஆரோடு வேண்டுமானாலும் இரு. எப்படி வேண்டுமானாலும் கும்பிடு. ஆனால் வீடு உன்னுடையது. நான் காவல் இருக்கிறேன், வந்து எடு."

எனக்கு விளங்கவில்லை. வீடு எப்படி அம்மாவுடையது? தங்கச்சி விளக்கினாள். அவர்கள் வழக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்குத்தான். அதிலும் தாய் இருந்த வீடு கடைக்குட்டி மகளுக்கு. அம்மாதான் கடைக்குட்டி.

கொக்குவிலில் என் மாமி, அப்பாவின் தங்கச்சி, வாய் திறந்தால் அம்மாவுக்குச் சொல்லுகிற ஒரே சொல் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் பெண் சீதனமாக வீட்டோடு வரவேண்டும். அம்மா தகரப் பெட்டியோடு வந்தவ. "ஒரு கொட்டில்கூட இல்லாமல் வந்தவளுக்கு வாயைப் பார்!" உப்புக் கூடினால் அது, உடுப்புக் காயாவிட்டால் அது. நான் பிறக்க முதல் தொடங்கி, நான் வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்வரை அது. அம்மா ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. சாமித்தட்டில் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு வாயை மூடி இருந்திருக்கிறா!  மாமி உயிரோடிருந்தால் அன்றைக்கே ட்ரங்க் கோல் போட்டு நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

எட்டு நாள் இருந்தேன். அம்மாவின் அறையில் படுத்தேன். வெளிக்கிடுகிற அன்று பெரியம்மா ஒரு படம் தந்தா. பதினேழு வயது அம்மா, அதே படிக்கட்டில், நீளச் சட்டையும் கைலியும், தலையில் நழுவிக் கிடக்கும் சால்வையும். படமெடுப்பவனைப் பார்த்துச் சிரிக்கிறா. அம்மா பல்லுத் தெரியச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பெப்ரவரியில் முதலாம் ஆண்டுத் திவசம். நினைவஞ்சலி நோட்டீஸ் நான்தான் கொடுக்கப் போகிறேன், உண்மையைத்தான் போடப் போகிறேன் என்று அண்ணாவிடம் நேரே போய்ச் சொன்னேன். மலேசியா போய் வந்த கதையும் சொன்னேன். கத்தினார். மேசையில் அடித்தார். கொஞ்சம் ஆறியபிறகு குரலைத் தணித்து, "காணி எவ்வளவு வரும்?" என்றார்.

"கனக்க. ஆனால் உங்களுக்கு ஒண்டும் இல்லை அண்ணா. அங்கை எல்லாம் பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான்."

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "நீ என்னவும் போடு. எங்கட பேரைப் போடாதை. குடும்பத்தினர் எண்டும் போடாதை. எங்களைச் சேர்க்காதை."

பத்திரிகைக் கந்தோர் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கொம்பியூட்டரில் இருந்தவர் நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, போன வருசம் கொக்குவில் எண்டெல்லோ போட்டது?"

"போன வருசம் பிழை."

"இந்தத் தாய் தகப்பன் பேருகள்..."

"எழுத்தெழுத்தாச் சொல்லுறன், அடியுங்கோ."

அடித்தார். சிரம்பானைப் பிறப்பிடமாகவும் என்று அடித்தார். அந்த இரண்டு மலாய்ப் பெயர்களையும் அடித்து, "தம்பதிகளின் கனிஷ்ட புத்திரியும்" என்று முடித்தார். கடைக்குட்டி மகளுக்கு நோட்டீஸ் தமிழில் அதுதான் சொல். மேலே படிக்கட்டுப் படத்தை வைத்தார். மிசிசாகாச் சம்பந்தம் அதனால் குழம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழம்பியிருந்தாலும் போட்டிருப்பேன்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. தமிழ்க் கடை வாசலில் கட்டாகக் கிடந்தது. எங்கள் கட்டிடத்தில் ஆறாம் மாடியில் இருக்கும் அன்ரி ஒன்றை எடுத்து விரித்தவ, என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டா.

"இதென்ன பிள்ளை? உம்மட அம்மாவோ இது? மலாய்க்காரியோ?"

"ஓம் அன்ரி." நான் குரலைத் தணிக்கவில்லை. மரக்கறி பொறுக்கிக்கொண்டு நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். படத்தில் அம்மாவுக்குப் பின்னால் தெரிந்த கூரையைப் பெருவிரலால் காட்டினேன். "அது அவவின்ர வீடு. அவவின்ர சொந்த வீடு."

அன்ரி கண்ணாடியை மூக்கில் இறக்கி, அடிவரைக்கும் வாசித்தா. கடைசி வரியில் நின்றா.

"தகவல்: மகள். அவ்வளவுதானோ? குடும்பத்தினர் எண்டெல்லோ போடுறது?"

"அந்த வீட்டுக்கு மகள் ஒருத்தி போதும் அன்ரி" என்றேன்.