பூரணம் கடந்த இருநூற்றைம்பது மைல்

அச்சுவேலியில் ஆழ்வாப்பிள்ளை கண்ணை மூடிய செய்தி தந்தியாகக் கொழும்புக்கு வந்தபோது, யாழ்ப்பாண மெயில் ரயில் புறப்பட்டுவிட்டது. அது 1948ஆம் ஆண்டு.

மகள் பூரணம் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். புருஷன் மார்க்கண்டு சுருட்டுக்கடையில் வேலை செய்தான். தமையன் தியாகலிங்கமோ அரசாங்கக் கந்தோரில் பெரிய உத்தியோகத்தன். தெரிந்தவர்களைப் பிடித்து மறுநாள் காலைப் பிளேனில் தனக்கு ஓர் இடம் வாங்கிவிட்டான். இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கு ஒன்றரை மணித்தியாலம்.

"அண்ணை, நாங்கள் காரிலை வாறம். பத்து மணித்தியாலம் எண்டாலும் செல்லும். நான் வருமட்டும் ஐயாவை எடுக்கப்படாது."

"பன்னிரண்டு மணி வரைக்கும் எடுக்க விடமாட்டன். யோசியாமல் வா."

கடை முதலாளியின் பழைய காரில் இரவோடிரவாகப் புறப்பட்டார்கள். மாங்குளத்துக்கு இப்பால் காட்டுக்குள் டயர் வெடித்தது. அதை மாற்றி, ஆனையிறவு தாண்டி, அச்சுவேலி வீட்டு வாசலில் இறங்கும்போது பதினொரு மணி. பெண்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"பத்துக்கே எடுத்திட்டாங்கள் பிள்ளை," என்று சின்னம்மா அழுதாள். "அண்ணைக்கு ஒரு மணிக்குத் திரும்பிப் போற பிளேனாம். கொழும்பிலை ஏதோ கூட்டமாம்."

பூரணம் அழவில்லை. வாய்க்கரிசி வைத்திருந்த பெட்டியில் மிஞ்சிக் கிடந்ததை ஒரு கை அள்ளிக்கொண்டு நடந்தாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. மார்க்கண்டு மறித்துப் பார்த்தான். அவள் நிற்கவில்லை.

சிதை பற்றி எரிந்துகொண்டிருந்தது. தியாகலிங்கம் கைமணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றான்.

"பொம்பிளையள் இஞ்சை வரப்படாது, பூரணம்."

"பன்னிரண்டு எண்டு சொன்னியள்."

"நீ எப்ப வருவாய் எண்டு எனக்கென்ன தெரியும்? றோட்டை நம்பிக்கொண்டு எல்லாரும் காத்திருக்கிறதே?"

அதுவரை அவனை நீங்கள் என்றே அழைத்து வந்தவள், ஊரார் முன்னிலையில் சொன்னாள்: "ஐயா செத்துக் கிடந்தவர். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. உனக்குத்தான் அவசரம். ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்தால் நான் ஐயாவின்ரை முகத்தைப் பாத்திருப்பன். போ, உன்ரை பிளேன் போகப்போகுது."

கையிலிருந்த அரிசியை நெருப்பில் போட்டாள். ஒருவரும் தடுக்கவில்லை. அவன் போய்விட்டான்.

மறுநாள் சாம்பல் அள்ளும் காடாத்துக்கு மகன் இல்லை. ஒன்றுவிட்ட சகோதரன் எவனையாவது கூப்பிடலாம் என்றார் குருக்கள்.

"செய்ய வேண்டியவன் ஆகாயத்தாலை போயிட்டான். நான் தரையிலை நிக்கிறன். எனக்குச் சொல்லித் தாங்கோ ஐயா."

குருக்கள் தர்ப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு மந்திரத்தைத் தொடங்கினார். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைத்தவள் அவள்தான்.

தியாகலிங்கம் எழுதிய இரண்டு கடிதங்களையும் உடைக்காமலே திருப்பி அனுப்பினாள். அடுத்த வருஷம் அவன் மகளின் கல்யாணத்துக்கு மட்டும் போனாள். மணவறையில் பிள்ளைக்கு அறுகரிசி தூவி வாழ்த்தினாள். "பூரணம்" என்று அருகே வந்த தமையனைக் கடந்து போய்ப் பந்திக்கு இருக்காமலே வெளியேறினாள்.