மலை மேலிருந்து வந்த படங்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலரின் வீட்டுச் சுவரில் அவர் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். தங்கையாகிய நான் கண்ணால் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில் அண்ணன் பிறந்தார். சிறு வயதிலேயே அப்பாவை இழந்தோம். மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்து தொழில் கற்ற அண்ணன், 1950களின் தொடக்கத்தில் மூணாறு சென்று, கடைத்தெருவில் ஒற்றை அறையில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். நம் பக்கத்து ஊர்களிலிருந்து தேயிலை பறிக்கப் போனவர்களே அவரை நம்பி வந்தார்கள். நல்ல சட்டை இல்லாதவர்களுக்காக ஒரு கோட்டும், பெண்களுக்காக ஒரு பட்டுச் சேலையும் வைத்திருந்தார். கொஞ்சம் கோபக்காரர். படம் எடுக்கும்போது யாராவது அசைந்துவிட்டால் சத்தம் போடுவார்.

ஓர் ஆடி மாதம், மழையில் மலை சரிந்து ஒரு தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் போய்விட்டது என்று ஊருக்குச் செய்தி வந்தது. போடி சாலை அடைபட்டது. தபாலும் இல்லை, தந்தியும் இல்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் சொந்தங்கள் அந்தக் குடியிருப்பில்தான் இருந்தார்கள். அண்ணனைப் பற்றியும் தகவல் இல்லை. அம்மா பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஒன்பதாம் நாள் காலை அண்ணன் தெருவில் நடந்து வந்தார். கால் வீங்கியிருந்தது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. தெருவே ஓடி வந்தது.

"எல்லாரும் உசுரோட இருக்காங்க!" என்றார். "ஊத்துத் தண்ணி கலங்கி வந்ததைப் பாத்து, முந்தின நாளே எல்லாரையும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திட்டாங்க. வீடுதான் போச்சு."

டப்பாவைத் திறந்து குடும்பத்துக்கு ஒரு படமாகக் கொடுத்தார். எதிர்வீட்டு மாடத்தியக்கா மட்டும் வாங்கவில்லை. அவருடைய தங்கை செல்லம் அங்கே நிறைமாதக் கர்ப்பிணி.

"பழைய படத்தக் காட்டி எங்களத் தேத்தப் பாக்கியா தம்பி?"

"யக்கா, மடியில இருக்கது யாருன்னு பாருங்க. மலை சரிஞ்ச மூணாம் நாள் பொறந்தவ."

படத்தை முகத்தருகே கொண்டுபோனார் மாடத்தியக்கா. "ஏ, செல்லத்து மூக்கு!" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் எங்கள் அம்மா வாய்விட்டு அழுதார். அன்று தெருவில் எல்லா வீட்டிலும் அடுப்பெரிந்தது.

ஒவ்வொரு குடும்பத்தையும் அங்கே படமெடுத்து, கழுவிக் காயவைத்து, மறையூர் வரை நடந்து, வெல்லம் ஏற்றிய லாரியில் உடுமலைப்பேட்டை இறங்கி வந்ததாகப் பிறகுதான் சொன்னார். இரண்டு நாளில் மறுபடியும் மலையேறிவிட்டார்.

மாநிலங்கள் பிரிந்து மூணாறு கேரளத்தோடு சேர்ந்தபோது, "நாம இருக்கலாமா, போயிரணுமா?" என்று பலர் அவரிடம் வந்து கேட்டார்கள். அண்ணன் கடைப் பலகையில் தமிழுக்குக் கீழே மலையாளத்திலும் எழுதவைத்தார். அதைப் பார்த்தவர்கள், அவரே போகப்போவதில்லை என்று நிம்மதியாகத் திரும்பினார்கள்.

மூணாறு வீட்டில் கடைசி நாட்களில் மூச்சுத்திணறல் அவரை வாட்டுமோ என்று பயந்தோம். அப்படி நேரவில்லை. மதியம் கஞ்சி குடித்து, ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கண்ணயர்ந்தார், எழவில்லை.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக எங்களுடன் அலைந்த ஸ்டுடியோ நண்பர்களுக்கும், மழையில் மலையிறங்கி வந்து தோள் கொடுத்த தோட்டத்து உறவுகளுக்கும் நன்றி. பக்கத்து டீக்கடை வர்கீஸ் அண்ணாச்சி, "பேடிக்கண்ட சேச்சி, ஞான் உண்டு" (பயப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்) என்று மலையாளத்தில் சொல்லி, அண்ணன் நோயில் கிடந்த மூன்று மாதமும் எங்கள் வாசலிலேயே இருந்தார். அவர் இருந்ததால் நாங்கள் பயப்படவில்லை.