மூன்றாவது வரிசையில் ஒரு பெயர்

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையில்தான் இதைச் செய்தேன்.

டெல்லிக்குக் குமாஸ்தாவாக வந்த புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சண்டையில் செத்த சிப்பாய்களின் பெயர்கள் செதுக்கிய இந்தியா கேட்டில், கட்டட வேலை செய்யும் ஒரு தமிழ் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, படிச்ச புள்ளையாட்டம் இருக்கே. மேலே மூணாவது வரிசையில என் மவன் முருகேசன் பேரு இருக்கு. வாய்விட்டுப் படியேன், காதால கேக்கணும்."

பங்களாதேஷ் சண்டையில் செத்தவனாம். உடல்கூட ஊர் வந்து சேரவில்லை. காவல் சிப்பாய் ஒருவர் இரக்கப்பட்டுக் காட்டிய வரிசையைத்தான் ஆறு வருஷமாகக் கும்பிட்டு வருகிறார்.

படித்தேன். யாரோ ஒரு சிங்கின் பெயர்.

"இவங்க வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில செத்தவங்கம்மா. உங்க மகன் பேர் இங்க இருக்காது" என்று விளக்கமும் சொன்னேன்.

அவர் மறுபடி அந்த வரிசையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்போ என் புள்ளைய நான் எங்க போய்ப் பாக்குறது, தம்பி?"

அவர் போய்விட்டார். பங்களாதேஷ் சண்டையில் செத்தவர்களுக்காகவே கீழே ஜோதி எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் போய்க் காத்திருந்தேன். அவர் வரவேயில்லை.

இப்போதும் அந்தப் பக்கம் போனால், மூன்றாவது வரிசையைப் பார்த்து "முருகேசன்" என்று வாய்விட்டுப் படிக்கிறேன். கேட்கத்தான் அவர் இல்லை.